தேதி தெரியாத செலவு

மதுரைப் பக்கத்து வீடுகளில் பணமுடைக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: திடீர்ச் செலவு. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை எல்லாம் பழகிய முகங்கள். கேதத்துக்குக் கோடித் துணி எடுத்துப் போனது, அக்கா மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர், ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் விழுந்த மூன்று கல்யாணங்களுக்கு மொய், காய்ச்சல் விடாத பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை, வண்டிக்கு டயர், ஜூன் மாதப் பள்ளிக்கூடக் கட்டணம். இவற்றில் எதுவும் வானத்திலிருந்து குதித்ததில்லை. அக்கா மகள் ஒருநாள் பெரியவளாவாள் என்பது அவள் பிறந்த அன்றே தெரியும். ஜூன் ஆண்டுதோறும் வருகிறது. ஓடுகிற டயர் தேயத்தான் செய்யும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஆண்டில் இரண்டு முறையாவது ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டியிருக்கும். தெரியாமல் இருப்பது தேதியும் தொகையும் மட்டும். செலவு வரும் என்பது தெரிந்ததுதான். ஆகவே இவற்றை எதிர்பாராத செலவு என்று சொல்வதைவிடத் தேதி தெரியாத செலவு என்று சொல்வதே பொருத்தம். பெயரை மாற்றினால் கணக்கும் மாறிவிடுகிறது. எதிர்பாராதது விதியின் தலையில் ஏறிக்கொள்ளும். தேதி தெரியாதது மாதச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாக வந்து உட்காரும்.

தேதி தெரியாத வரத்தோடு வாழ்வது இந்தச் சமவெளிக்குப் புதிதும் இல்லை. வைகை ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. மழையில் பெரும்பங்கு ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. 1895இல் பெரியாறு அணை நீர் இந்தப் பக்கம் திரும்பி, 1959இல் வைகை அணை வந்த பின்னும், கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கிழக்கே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்றுதான் பாசனம் பிரிந்தது. கால்வாய் எட்டாத ஊர்களை இன்றும் காப்பாற்றுவது கண்மாய். கண்மாய் வெட்டியவர்கள் மழையின் தேதியை அறிந்தவர்கள் அல்லர். கொட்டுகிற நாளில் பிடித்து வைக்கக் கரையும், வேண்டிய நாளில் அளந்து விட மடையும், மிஞ்சியதை அடுத்த கண்மாய்க்கு அனுப்பக் கலுங்கும் கட்டினார்கள். வீட்டுக் கணக்கும் அப்படித்தான். வரவுக்குக் கீழே வாழ்வதைப் பற்றிப் பேசும் பலரும் வயிற்றைக் கட்டு, வாயைக் கட்டு என்ற அறிவுரையோடு நின்றுவிடுகிறார்கள். குறைவாகச் செலவழிப்பது பாதி வேலைதான். மிச்சம் பிடித்தது தங்குவதற்குக் கரை வேண்டும். அவசரத்தில் திறப்பதற்கு மடை வேண்டும். இவை இல்லாத வீட்டில் சிக்கனம் மணலில் விட்ட தண்ணீராகப் போய்விடுகிறது. மதுரைச் சமவெளியின் கடந்த 35 ஆண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது என்பது என் கட்சி.

முதலில் மிச்சம் என்பது எவ்வளவு என்று பார்ப்போம். நபார்டு வங்கி 2021–22 வேளாண் ஆண்டுக்கு நடத்திய அனைத்திந்திய ஊரக நிதிநிலைக் கணக்கெடுப்பில், கிராமங்களையும் சிறு நகரங்களையும் சேர்த்து ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 12,698 ரூபாய். சராசரி மாதச் செலவு 11,262 ரூபாய். இடைவெளி 1,436 ரூபாய், அதாவது வருமானத்தில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 17,232 ரூபாய். அதே கணக்கெடுப்பில் 52 விழுக்காட்டுக் குடும்பங்களுக்குக் கடன் நிலுவை இருந்தது. இது நாடு முழுவதுக்குமான சராசரி. மதுரை மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சராசரிக் குடும்பம் வரவுக்குக் கீழேதான் வாழ்கிறது என்பதும், குடும்பங்களில் பாதிக்கு மேல் கடனில் இருப்பதும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஊதாரித்தனம்தான் கடனுக்குக் காரணம் என்ற பழைய குற்றச்சாட்டு இந்த அட்டவணையின் முன் தடுமாறும். அதோடு, சராசரி என்பது வரவின் ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வரத்து மிகுந்த நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் மல்லிகை, பனிக்காலத்தில் வரத்துச் சுருங்கித் தைப் பொங்கலும் முகூர்த்தமும் நெருங்கினால் பல ஆயிரத்துக்கு ஏறும். பூ கட்டும் பெண்ணுக்கும் தோட்டத்துக்காரருக்கும் அந்த ஏற்றம் ஒரே அளவில் போய்ச் சேருவதில்லை என்பது வேறு கதை. சிலைமான் பக்கத்துச் செங்கல் சூளைக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. செல்லூர்த் தறிக்காரருக்குப் பாவு இல்லாவிட்டால் கூலி இல்லை. இவர்களுக்கு வரவின் தேதியும் தெரியாது, செலவின் தேதியும் தெரியாது. இரண்டும் முட்டிக்கொள்ளும் நாளில்தான் கடன் பிறக்கிறது.

அந்த நாளில் பணம் புரட்டுவதற்கு இங்கே ஒரு படிவரிசை உண்டு. முதலில் அக்கம்பக்கத்தில் கைமாத்து. அது ஆயிரம் இரண்டாயிரத்தோடு நின்றுவிடும், வட்டி கிடையாது, முகம் மட்டும் தேயும். அடுத்தது நகை. நகை ஏற்கெனவே அடகில் இருந்தால் தண்டல்காரர். தண்டல் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பார்வைக்கு மலிவாகத் தெரியும்படி கட்டப்பட்டது. 10,000 ரூபாய் கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் வரும். நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 15 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. 8,500 ரூபாய் முழுதாகக் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். ஐம்பதாம் நாளில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. உண்மையில் குறைந்துகொண்டே போகும் நிலுவைக்குக் கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 10 வட்டி, ஆண்டுக்கு 120 விழுக்காடு. கந்துவட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் சட்டம் கடன் கொடுப்பவரின் கையைத்தான் பிடிக்கும். இரவு 11 மணிக்கு ஆட்டோ பிடித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த நேரத்தில் 3,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். நாளைக்கு 100 ரூபாய் தண்டல் கட்ட முடிகிறவரால் நாளைக்கு 50 ரூபாய் சேர்க்க முடியாதா? கணக்குப் பாடப்படி முடியும். காலையில் 1,000 ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் 1,050 திருப்பிக் கொடுக்கும் ஒரு காய்கறிக்காரரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 5 ரூபாயைத் தன் கைப்பணமாக ஒதுக்கி, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் வட்டியையும் அதிலேயே சேர்த்தால் ஏறக்குறைய 50 நாளில் கடன் வாங்க வேண்டிய தேவையே இருக்காது. இவ்வளவு எளிதான ஒன்றை ஏன் செய்வதில்லை என்பதை டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய பொருளியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில் சிறு வியாபாரிகளின் வட்டிக் கடனை ஒரே நாளில் முழுதாக அடைத்துவிட்டார்கள். 2019இல் வெளியான முடிவு கசப்பானது: பெரும்பாலோர் 6 வாரத்துக்குள் மறுபடியும் கடனில் இருந்தார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வித்தியாசம் இல்லை. 'பார்த்தீர்களா, கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாது' என்று சொல்ல இந்த ஆய்வைப் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. கடன் அடைந்த மறுநாள் அந்த வியாபாரியிடம் இருந்தது பூஜ்யம். கடன் போனதே தவிரக் கண்மாய் வரவில்லை. முதல் காய்ச்சலோ முதல் கேதமோ வந்த அன்று அவர் நின்ற இடம் பழைய இடம்தான். கைப்பணம் இல்லாத நேரத்தில் மனிதரின் யோசனையே சுருங்கிவிடுகிறது என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், அதே மனிதர்கள் பணம் வந்த பிறகு அறிவுச் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். அந்த முடிவின் அளவைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாதம் நடந்தது. ஆனால் கையில் பணம் இல்லாத மாதத்தில் யாருக்கும் நீண்ட கணக்கு ஓடாது என்பது அடகுக்கடைப் படியேறிய எவருக்கும் தெரிந்த செய்தி.

கரை கட்டும் வேலை மதுரையில் எப்படி நடந்தது என்பதற்குக் களஞ்சியம்தான் நல்ல சான்று. 1990இல் பிரதான் என்ற தொண்டு நிறுவனத்தின் கீழ் அழகர்கோவில் வட்டாரத்துக் கிராமங்களில் பெண்களின் சிறு சேமிப்புக் குழுக்களாக அது தொடங்கியது. 1997இல் வாசிமலை தலைமையில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தானம் அறக்கட்டளை உருவானபின் பல மாநிலங்களுக்குப் பரவியது. பெயரே சொல்லிவிடுகிறது: களஞ்சியம் என்றால் அறுத்ததைக் கொட்டி வைக்கும் இடம். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கும் பழக்கம் இங்கே எந்தக் குழுவுக்கும் முந்தியது. குழு செய்ததெல்லாம் அந்தப் பானையை வீட்டிலிருந்து எடுத்து ஊர் நடுவில் வைத்ததுதான். 15, 20 பெண்கள் ஒரு திண்ணையிலோ பள்ளிக்கூட வராண்டாவிலோ உட்காருவார்கள். நடுவில் ஒரு தகரப் பெட்டி. பெயர் கூப்பிடக் கூப்பிடச் சந்தா வரும், பாஸ்புத்தகத்தில் ஏறும், எல்லார் கண்முன்னும் எண்ணப்படும். கடன் கேட்பவர் எதற்கென்று வாய்திறந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் சரி என்றால் அன்றே கிடைக்கும். பொதுவாக இத்தகைய குழுக்களில் உட்கடனுக்கு 2 வட்டிதான். வெளியில் 5 வட்டியும் 10 வட்டியும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த 2 வட்டியும் வெளியாருக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே விழுந்தது. இந்த இயக்கத்தின் முகமாக அறியப்பட்டவர் மதுரைக்கு அருகிலுள்ள பில்லுச்சேரியின் சின்னப்பிள்ளை. விவசாயக் கூலி வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கூலிப் பேச்சில் ஊர்ப் பெண்களுக்குத் தலைமை தாங்கியவர். 1999ஆம் ஆண்டுக்கான ஸ்த்ரீ சக்தி விருதை அவருக்கு வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

களஞ்சியத்தின் வெற்றிக்குப் பெண்களின் ஒழுக்கம், நாணயம் என்று பலரும் காரணம் சொல்வார்கள். அது உண்மை என்றாலும் முழுக் காரணம் என்று தோன்றவில்லை. வீட்டுப் பானைக்கும் திண்ணைப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, கேட்கிறவர்களிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. வீட்டில் 2,000 ரூபாய் இருப்பது தெரிந்தால் கணவர் கேட்பார், கொழுந்தன் கேட்பார், அடுத்த வீட்டு மதினி கைமாத்துக் கேட்பார். இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது ஆனால் தரமாட்டேன் என்றால் பகை. பெட்டியில் போட்டுவிட்டேன் என்பது பொய்யும் ஆகாது, பகையும் ஆகாது. பாஸ்கலின் டூபாவும் ஜொனாதன் ராபின்சனும் கென்யாவில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டுகிறது. பூட்டும் சாவியும் உள்ள ஒரு சாதாரணப் பெட்டியை, மருத்துவத்துக்கென்று சொல்லிக் கொடுத்ததிலேயே நோய்த்தடுப்புக்குச் செலவிட முடிந்த தொகை 66 விழுக்காடு கூடியது. குழுவாகச் சேமித்தபோது பலன் இன்னும் பெரிது. தனியாக முத்திரை குத்தி வைத்த பணம் அவசரத்துக்கு உதவியது, உறவினரின் கேட்பு மிகுந்தவர்களுக்கும் உதவியது என்பதுதான் அந்த ஆய்வில் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் இடம். உறவு நெருக்கமாக உள்ள சமூகத்தில் சேமிப்பின் முதல் எதிரி ஆசை என்பது வெளியூர்க்காரர் நினைப்பு. உள்ளூரில் முதல் எதிரி தாட்சண்யம்.

தாட்சண்யம் என்றதும் மொய்க்கு வந்துவிடுகிறோம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியிலும் தேனிப் பக்கமும் இந்த வாதத்தைச் சொன்னால், எங்களுக்குக் களஞ்சியம் எதற்கு, மொய் நோட்டே களஞ்சியம்தானே என்பார்கள். இந்த மறுப்பு வலுவானது, லேசில் தள்ளிவிட முடியாது. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1940களின் இறுதியில் இந்தப் பகுதியில் தங்கி ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட நூல், பிரமலைக் கள்ளர் வாழ்வில் சீரும் செய்முறையும் எவ்வளவு விரிவான கொடுக்கல் வாங்கல் என்று காட்டியது. மணப்பந்தலில் தாம்பாளத்துக்குப் பின்னால் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி ஊரையும் பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்வார். மற்றவர் மஞ்சள் தடவிய நோட்டில் ஊர்வாரியாக எழுதுவார். இப்போது பல மண்டபங்களில் அந்த இடத்தில் கணினி இருக்கிறது, அச்சடித்த ரசீதும் கிடைக்கிறது. எழுதிய தொகை கடன். திரும்பச் செய்யும்போது அதற்கு மேல் கூட்டிச் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் நோட்டைப் புரட்டிக் காட்டுவார்கள். வட்டிக்காரர் இல்லாமல், பத்திரம் இல்லாமல், ஒரு ஏழைக் குடும்பத்தின் கையில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் சேர்க்கும் ஏற்பாடு இது. கல்யாணத்தை நிறைவேற்ற, கிணறு வெட்ட, கடை வைக்க அது உதவியிருக்கிறது. இதைக் கேலி செய்கிறவர்கள் இதன் கணக்கைப் பார்க்காதவர்கள்.

ஆனால் மொய் என்னும் கண்மாயில் மடையின் சாவி உரியவர் கையில் இல்லை. போட்ட பணத்தை எடுக்க வீட்டில் விசேஷம் வர வேண்டும். விசேஷம் இல்லாவிட்டால் காதுகுத்து, புதுமனை, இல்ல விழா என்று ஒன்றை உண்டாக்க வேண்டும். அதற்குப் பந்தல், பந்தி, பத்திரிகை, பிளெக்ஸ் என்று முன்பணம் வேண்டும். சிறுநீரகக் கல் வலித்தால் மொய் நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மறுபக்கம், செலுத்த வேண்டிய மொய் மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். ஆடி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஆவணியில் வரிசையாக முகூர்த்தம் வரும். 8 அழைப்பிதழுக்குத் தலைக்கு 500 என்றாலே 4,000 ரூபாய். மேலே சொன்ன சராசரிக் குடும்பத்தின் மாத மிச்சத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மொய்க்குப் போகவே வட்டிக்கு வாங்கும் வீடுகள் இருக்கின்றன. மொய் நல்ல சேமிப்பு, மோசமான அவசரநிதி. கல்யாணத்துக்குக் கட்டிய ஏற்பாட்டிடம் காய்ச்சலுக்குக் கைநீட்டக் கூடாது. மொய்யை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னாலும் யாரும் விடப்போவதில்லை. போன ஆண்டு மொய் மொத்தம் எவ்வளவு போயிற்று என்று நோட்டிலேயே இருக்கிறது. அதை 12ஆல் வகுத்து மாதச் செலவில் ஒரு வரியாக எழுதினால் ஆவணி யாரையும் பயமுறுத்தாது.

அடுத்த மறுப்பு தங்கம். மோதிரமோ தோடோ இருந்தால் அரைமணி நேரத்தில் பணம், எதற்குப் பெட்டியும் கூட்டமும் என்பது. தங்கம்தான் தமிழ் வீடுகளின் அவசரநிதி என்பதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதி ஆனது. 2025இல் நகைக்கடன் விதிகளுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு, நகையின் உரிமைக்குச் சான்று கேட்டதும் இங்கே எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் 3,000 ரூபாய்த் தேவைக்கு 2 சவரன் சங்கிலியை எடுத்துப் போகிறவர் 3,000 மட்டும் வாங்கி வருவது அரிது. கடைக்காரர் இன்னும் தரலாமே என்பார், வீட்டிலும் இன்னொரு செலவு காத்திருக்கும். பிறகு வட்டி மட்டும் கட்டி மாற்றி வைப்பது, கடைசியில் மூழ்கிப் போவது. தங்கம் பெரிய மடை. திறந்தால் மூடுவது கடினம். சிறு செலவுக்குச் சிறு மடை வேண்டும்.

மூன்றாவது, அரசுக் காப்பீடு இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்ற கேள்வி. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய அந்தக் காப்பீடு இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மதுரையில் ராஜாஜி அரசு மருத்துவமனையும் இருக்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சையால் நிலத்தை விற்ற காலம் பெருமளவு மாறியிருப்பது இவற்றால்தான். எனினும் காப்பீடு படுக்கையில் சேர்ந்தவருக்கானது. வெளிநோயாளியாக வாங்கும் மருந்து, ஆட்டோ, உடன் இருப்பவரின் சாப்பாடு, இருவரின் கூலி இழப்பு எதுவும் அதில் வராது. 10 நாள் கூலி போனால் அதுவே ஒரு சிறு அறுவைச் சிகிச்சைச் செலவு. அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் தொடங்கிக் கென்யா, உகாண்டா, பெரு வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைத் தொகுத்து 2010இல் எழுதிய நூலின் சாரம், வறுமைக்குள் விழுகிறவர்களைத் தள்ளிவிடும் முதல் கை நோய் என்பதே. அதிலும் ஒரே அடியில் விழுபவர் குறைவு. அடுத்தடுத்து வரும் சிறு அடிகளில் விழுகிறார்கள். அந்தச் சிறு அடிகளைத் தாங்குவது கைப்பணம் மட்டுமே. பெரிய அடிக்குச் சேமிப்பு போதாது என்பதும் அதேபோல உண்மை. தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் களஞ்சியப் பெண்களே 2000ஐ ஒட்டித் தங்களுக்கென ஒரு மருத்துவக் காப்பீட்டு நிதியைத் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

மாதச் சம்பளக்காரர்கள் இதையெல்லாம் கிராமத்துக் கதையாகப் படித்துக்கொண்டிருக்கலாம். மதுரை கே.கே. நகரிலோ பைபாஸ் சாலையிலோ அடுக்ககம் வாங்கிய வீட்டில் நிலைமை வேறு உடையில் இருக்கிறது. வீட்டுக்கடன், கார்க்கடன், பள்ளி வேன், ஏலச்சீட்டுத் தவணை, நகைச்சீட்டு எல்லாம் முதல் வாரத்திலேயே கழிந்துவிடும். ஓட்டலையும் சினிமாவையும் குறைத்துக்கொள்வது பற்றிப் பேசுவார்கள், அது சில்லறை. அமெரிக்கக் குடும்பங்கள் திவாலாவதை ஆராய்ந்து எலிசபெத் வாரனும் அமீலியா வாரன் தியாகியும் 2003இல் எழுதிய நூல், குடும்பத்தைக் கவிழ்ப்பது உடையும் உணவும் அல்ல, குறைக்க முடியாத மாதத் தவணைகள்தான் என்று வாதிட்டது. நம் விதிகள் இதை இன்னும் உணரவில்லை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கான நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிப்படி, கடன் தவணைகள் மாத வருமானத்தில் 50 விழுக்காடு வரை போகலாம். மேலே கண்ட 12,698 ரூபாய்க் குடும்பத்தில் பாதி போனால் மிஞ்சுவது 6,349. அந்தக் குடும்பத்தின் சராசரிச் செலவோ 11,262. 11 விழுக்காடு மிச்சம் உள்ள வீட்டுக்கு 50 விழுக்காட்டு உச்சவரம்பு வைத்தால் அதற்கு வரம்பு என்று பெயர் வைப்பது வீண்.

பணவீக்கத்தில் பெட்டிப் பணம் கரைகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவசரநிதியின் வேலை பெருகுவது இல்லை, இருப்பது. ஆண்டுக்கு 5 விழுக்காடு கரைவது, 120 விழுக்காட்டுத் தண்டலிலிருந்து காப்பாற்றுவதற்குக் கொடுக்கும் காவல்கூலி. அந்தப் பணத்தையே 24 விழுக்காடு தருகிறோம் என்ற நிதி நிறுவனத்தில் போட்டு முதலையும் இழந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்பதற்கு, 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கென மதுரை உட்படச் சில ஊர்களில் தனி நீதிமன்றமும் தேவைப்பட்டதே சாட்சி.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு எதுவும் யாரையும் பணக்காரராக்காது. நாடறிந்த சேமிப்புத் தலைவியான சின்னப்பிள்ளைக்கே சொந்தமாக நல்ல வீடு இல்லை என்ற செய்தி 2024இல் வெளிவந்து, அதன்பிறகு மாநில அரசு அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவிட்டது. கூலி உயராமல், வேலை நாள் கூடாமல், சேமிப்பு மட்டும் வீடு கட்டித் தராது. கூலியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. கண்மாய் மழையைக் கூட்டித் தருவதில்லை. பெய்ததை வீணாக்காமல் வைத்திருக்கும், அவ்வளவே. ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் விழுகிறது. ஆண்டுக்கு 12,000. அது வந்த அன்றே ஏதோ ஒரு தவணைக்குப் போகிறதா, அதில் 300 ரூபாயாவது தேதி தெரியாத செலவுக்கென்று தனிக் கணக்கில் நிற்கிறதா என்பதில்தான் அடுத்த காய்ச்சல் தண்டலில் முடியுமா இல்லையா என்பது இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளும் அஞ்சலகங்களும் மதுரை மாவட்டத்திலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம்: அவசரத்துக்கென்று பெயரிட்ட ஒரு சிறு கணக்கு, தானாகப் பிடித்தம், ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கும் வசதி. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் கடந்த 12 மாதத்தில் வீட்டில் திடீர்ச் செலவு என்று சொன்னவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டி 12ஆல் வகுத்துப் பார்க்கட்டும். வருகிற தொகையை வாடகையைப் போல மாதத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கட்டும்.